பன்னிரண்டரையில் ஒரு கோபுரம்

ரத்த வங்கியின் மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசையில் அவனுக்கு வேலை. வந்து குவியும் எண்களை ஒழுங்குபடுத்தி, மாதம் ஒருமுறை இயக்குநர் அம்மாவுக்குப் படமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவனுக்குச் சொன்னதே அக்காதான். அவள் அங்கேயே மூத்த நர்ஸ். வெளியே போய் ரத்தம் சேகரிக்கும் இரண்டு வண்டிகளில் இரண்டாவது வண்டி அவள் பொறுப்பு. "அக்கா உறிஞ்சுறா, தம்பி எண்ணுறான். கொசுக் குடும்பம்!" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மாமா சிரிப்பார்.

அந்த மாதம் இயக்குநர் அம்மா கேட்டது பெண் கொடையாளர்களின் ஹீமோகுளோபின் அளவு. ரத்தம் எடுப்பதற்கு முன் விரல் நுனியில் குத்தி, ஒரு துளியைச் சின்னக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். பன்னிரண்டரைக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிட வேண்டும். கருவி காட்டும் எண்ணை நர்ஸ் கையால் படிவத்தில் எழுதுவார். திரும்பிப் போனவர்களின் எண்ணும் சேர்ந்தேதான் கணினியில் ஏறும்.

ஹிஸ்டோகிராம் போடுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எண்களைச் சின்னச் சின்ன இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஒரு பட்டை எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். பட்டை எவ்வளவு அகலம், என்ன நிறம், எங்கே தொடங்குவது என்பதெல்லாம் போடுகிறவர் இஷ்டம். அகலத்தைப் புள்ளி ஒன்று என்று வைத்து, இரண்டு வண்டிகளுக்கும் தனித்தனியாகப் போட்டான். முதல் வண்டியின் படம் மணல்மேடு போல ஏறி இறங்கியது. இரண்டாவது வண்டியின் படத்தில், பன்னிரண்டிலிருந்து பன்னிரண்டு புள்ளி நான்கு வரை பட்டையே இல்லை. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அதை ஒட்டிப் பன்னிரண்டரையில் மட்டும் ஒரு கோபுரம் நின்றது.

தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போட்டான். அதே கோபுரம். பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தான். மூன்று வருடமாக, வாரத்துக்கு நாலைந்து பேருக்கு, சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த அந்தச் சாய்ந்த கையெழுத்தில் 12.5, 12.5, 12.5. கருவி பன்னிரண்டு என்று காட்டினாலும், பன்னிரண்டு புள்ளி மூன்று என்று காட்டினாலும், அக்கா எழுதியது பன்னிரண்டரை.

படத்தின் ஓரத்தில் அகலத்தை மாற்றும் ஸ்லைடர் இருந்தது. அதை நகர்த்தினான். புள்ளி இரண்டில் கோபுரம் நின்றது. புள்ளி ஐந்திலும் நின்றது. ஒன்றுக்கு வந்ததும் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று வரை எல்லாம் ஒரே பட்டையாகி, கோபுரம் சரிந்து பள்ளத்தை நிரப்பிக்கொண்டது. அதன்மேல் வளைவாக ஒரு நீலக் கோடும் போட்டான். ஒரு எண்ணையும் நான் அழிக்கவில்லை, எல்லாரும் படத்துக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கூட்டத்தில் இயக்குநர் அம்மா அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "கண்ணுக்கு இதமா இருக்குப்பா. இனிமே எல்லா மாசமும் இப்படியே போடு."

அந்தப் பாராட்டு அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பேச்சை மெல்ல எடுத்தான்.

"அக்கா, அந்த விரல்ல குத்திப் பார்க்கிற கருவியெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதா?"

"ஏன்டா, உனக்கு ஒரு பாட்டில் எடுத்துடவா?" என்றாள் அக்கா. மாமா சிரித்தார். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, சோற்றைப் பிசைந்தான். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு விபத்து அறிக்கை அவன் மேசைக்கு வந்தது. தபால்கார அம்மா ஒருவர், இரண்டாவது வண்டியில் ரத்தம் கொடுத்துவிட்டு, மதியம் சைக்கிளில் கடிதம் கொடுக்கப் போனவர், மயங்கி விழுந்திருக்கிறார். தோள்பட்டை எலும்பு முறிவு. இரண்டு பல் போயிருந்தது. அவருடைய பழைய பதிவுகளைத் திறந்தான். கடைசியாக ரத்தம் கொடுத்த ஏழு தடவையும் பன்னிரண்டரை.

அன்று மாலையே பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனான். ரத்த வங்கியிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா பதறிப்போய், கட்டுப்போட்ட கையோடு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உங்களுக்கெல்லாம் வீண் சிரமம் குடுத்துட்டேன் தம்பி. தப்பு என்னோடதுதான். காலையில அவசரத்துல சரியா சாப்பிடாமக் கிளம்பிட்டேன். நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க, நல்லா சாப்பிட்டு வாங்கன்னு." பல் போன இடத்தை உதட்டால் மூடிக்கொண்டே பேசினார். "அவங்ககிட்ட சொல்லுங்க, கை சரியானதும் வந்துடுறேன்னு. எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தப்போ முகம் தெரியாத ஆறு பேரு குடுத்தாங்க. அதை மறக்கவா முடியும்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தான். ஆனால் "உடம்பைப் பாத்துக்குங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

மறுநாள் காலை, வண்டி நிறுத்துமிடத்தில், அக்கா உள்ளே சாய்வு நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"அக்கா, பன்னிரண்டரைன்னு நீயாத்தானே எழுதுற?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "யார்டா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. எல்லாத்தையும் படமாப் போட்டா தெரியுது."

அக்கா மறுக்கவில்லை. துணியை மடித்து ஓரமாக வைத்தாள். "அரை நாள் லீவு போட்டுட்டு வந்து, சட்டைக் கையை மடிச்சு வச்சுக்கிட்டு உட்காந்திருப்பாங்கடா. புள்ளி ரெண்டு, புள்ளி மூணு குறையும். அதுக்காகத் திருப்பி அனுப்பினா முகம் செத்துப்போகும். அங்க ஆஸ்பத்திரியில ரத்தம் இல்லாம ஆபரேஷனைத் தள்ளிப் போடுறான். இதுல என்ன ஆகிடப்போகுதுன்னு..." பாதியில் நிறுத்தினாள். "தபால்காரம்மா விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து நான் சரியாத் தூங்கல. அன்னைக்கு அவங்களுக்கு உண்மையில பதினொன்னு புள்ளி ஆறு. பன்னிரண்டுக்குக் கீழே இருந்தும் எடுத்தது அந்த ஒரு தடவைதான்டா."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எப்போ பார்த்தே?"

"என்ன?"

"அந்தப் படத்தை. எப்போ பார்த்தே?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே ஓட்டுநர் டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"உனக்கு வேலை போயிடுமோன்னு..."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா? இயக்குநர் அம்மாகிட்டப் போக வேண்டாம், எங்கிட்ட! 'அக்கா, இது தெரியுது, நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே. அந்தம்மா விழுந்திருக்க மாட்டாங்களே."

அக்காவைக் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, யாரையுமே காப்பாற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் மாடிக்குப் போய், அகலத்தைப் புள்ளி ஒன்றுக்குக் கொண்டுவந்து, நீலக் கோட்டை எடுத்துவிட்டு, படத்தை அச்செடுத்தான். இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே உள்ளே நின்றிருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இயக்குநர் அம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்த அகலத்தைத் தெரிஞ்சுதான் வச்சியா?"

"தெரிஞ்சுதான் வச்சேன்."

"நான் வேற பாராட்டித் தொலைச்சேன்" என்றார் அவர். கோபத்தைவிட அவமானம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

விசாரணை மூன்று வாரம் நடந்தது. அக்காவை வண்டியிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்துச் சேமிப்பு அறைக்கு மாற்றினார்கள். ஊசியும் கையுறையும் வந்திறங்குவதைச் சரிபார்க்கும் வேலை. அவனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. தனக்குக் குறைவாகத்தான் கிடைத்தது என்று அவனுக்குத் தெரியும். மாமா கொசுப் பேச்சை விட்டுவிட்டார்.

பன்னிரண்டரை என்று எழுதப்பட்ட பெண்களையெல்லாம் கூப்பிட்டு, மறுபடி பரிசோதனைக்கு வரச்சொல்ல வேண்டியிருந்தது. அந்த வேலையை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நானூற்றுச் சொச்சம் பேர். சிலர் திட்டினார்கள். ஒரு பெண், "அதான் மாடி ஏறினா மூச்சு வாங்குதா!" என்று ஏதோ புதிர் விடுபட்டதுபோலச் சொன்னார். தபால்கார அம்மாவைக் கூப்பிட மட்டும் நான்கு நாள் தள்ளிப்போட்டான்.

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"அப்போ நான் சாப்பிடாமப் போனதால இல்லையா?"

"இல்லம்மா."

"இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் தம்பி. எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து திட்டினார்." "அன்னைக்குப் பழம் வாங்கிட்டு வந்தீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆனாலும் பரிசோதனைக்கு வந்தார். அவன் நின்ற பக்கம் பார்க்காமல், அடுத்த வரிசையில் போய் நின்று விரலைக் காட்டினார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவும் நான்கு மாதம் பேசவில்லை. ஒரு ஞாயிறு காலை அவனாகவே போய் அழைப்புமணியை அடித்தான். அக்கா கதவைத் திறந்து, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிருக்கே" என்றாள். பிறகு உள்ளே போனாள், கதவைச் சாத்தாமல். அவன் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றான். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"தபால்காரம்மாவுக்கு இப்ப எவ்வளவு?"

"போன வாரம் பதினொன்னு புள்ளி ஒன்பது."

"குத்தினது யாரு?"

"புது நர்ஸ். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். கருவியில வந்ததைத்தான் எழுதினாங்க."

அக்கா தலையாட்டினாள். குழாயை மூடிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.