ஹேஸ்டன் அணை திறந்த ஞாயிறு

உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை மூடிக் கணவன் டுவைட்டின் கையில் வெர்னா கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவசர அழைப்பு மையத்துத் தலைவர் ஓடெல் பேசினார். அவர் சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறவர் இல்லை.

"வெர்னா, இங்க எல்லா ஸ்கிரீனும் கறுத்துப் போச்சும்மா. நடுவுல ஏதோ எழுதியிருக்கு. ஏதோ மிரட்டற மாதிரி இருக்கு."

"எதையும் தொடாதீங்க ஓடெல். இதோ வரேன்."

டுவைட் பாத்திரத்தோடு வாசலிலேயே நின்றான். அன்று அவர்கள் தேவாலயத்தின் வருடாந்தர விருந்து. ஊரை விட்டுப் போனவர்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு திரும்பி வந்து ஆற்றங்கரைப் பூங்காவில் கூடும் நாள்.

"நீ வராட்டி எங்க அத்தைங்க எல்லாரும் என்னையில்ல பிடுங்குவாங்க?"

"பந்தி முடியறதுக்குள்ள வந்துடறேன்னு சொல்லு. எனக்கு வாழைப்பழப் புட்டிங் கொஞ்சம் எடுத்து வை."

டாஸ்கர் கவுன்டியின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் வெர்னா ஹோல்ப்ரூக்கின் பொறுப்பு. நீதிமன்றம், நிலப் பதிவு, ஷெரிஃப் அலுவலகம், அவசர அழைப்பு மையம், ஆற்றோரம் நெடுக நிற்கும் அபாயச் சங்குகள் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளுக்கு நடுவே, சிறு மாவட்டம் போன்ற ஏழைக் கவுன்டி அது. கம்ப்யூட்டர் துறை என்று பலகை மாட்டியிருந்தாலும் துறை என்பது அவளும், வாரத்தில் பாதி நாள் வரும் ஓர் உதவியாளனும்தான்.

நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அழைப்பு மையத்தில் இறங்கியதுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ ஒரு கும்பல் உள்ளே நுழைந்து கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டுப் பேரம் பேசக் கூப்பிட்டிருந்தது. அவள் மாநிலத் தலைநகரைக் கூப்பிட்டாள். மாநிலத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவில் அன்று பணியில் இருந்தவர் ஆலன் ப்ரூவிட். அவரை அதற்கு முன் இரண்டு மூன்று கூட்டங்களில் பார்த்திருக்கிறாள். குரல் உயராத மனிதர்.

"உடனே சொன்னீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம் மேடம்," என்றார். "வேற ஒரு கவுன்டில வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சு வச்சு, அது மாநிலம் பூரா பரவிடுச்சு. எங்களோட இணைக்கிற உங்க லைனை நான் இங்கேருந்து வெட்டிடறேன். சரிதானே?"

"வெட்டுங்க. சீக்கிரம் வெட்டுங்க," என்றாள் வெர்னா.

வெட்டினார். தீ பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் நிறுத்திவிட்ட நிம்மதி அவளுக்கு. ஓடெல் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவசர அழைப்புகளையெல்லாம் மாநிலமே வேறொரு மையத்துக்குத் திருப்பிவிட்டது. ஷெரிஃபின் கார்களில் இருந்த பழைய வயர்லெஸ் நன்றாகவே வேலை செய்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே பளிச்சென்று வெயில். ஒரு மேகத்தைக்கூடக் காணோம்.

ஓடெலின் சொந்த போன் அடித்தது. மலைக்கு மேலே ஹேஸ்டன் அணையில் வேலை பார்க்கும் கார்ல் எஸ்டெப். அணை மத்திய அரசுடையது, கார்லும் மத்திய அரசு ஆள். ஆனால் ஓடெலும் அவரும் பள்ளிக்கூடத்து நண்பர்கள். ஓடெல் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா, இன்னிக்கு ஒப்பாரியைக் காணோம்?"

"எதுக்கு ஒப்பாரி?"

"நான் கதவு திறந்தா உடனே கூப்பிட்டு, என் மீனெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போச்சேன்னு திட்டுவியே. சம்சாரம் ஏதாவது சொல்லிட்டாளா, வாயைத் திறக்காதேன்னு?"

ஓடெல் காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்தார். "கார்லு, கதவு திறந்திருக்கா?"

"எல்லாக் கதவும் திறந்திருக்கு. மேல மலையில வானம் பிளந்துக்கிட்டு ஊத்துதுய்யா, இப்படி ஒரு மழைய நான் பாத்ததே இல்ல. திறக்கலேன்னா அணையே போயிரும். செய்தி வந்துதுல்ல? இங்க 'போய்ச் சேர்ந்தது'ன்னு பச்சையா காட்டுதே."

வெர்னா போனருகே ஓடி வந்தாள்.

முன்பெல்லாம் அணைக்காரர்கள் கவுன்டிக்குப் போன் போட்டுத்தான் சொல்வார்கள். போன வருஷம் மத்திய, மாநில, உள்ளூர் அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்தார்கள். அணையின் கம்ப்யூட்டர் மாநிலத்தின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மாநிலத்தினுடையது கவுன்டிக்குச் சொல்லும். கவுன்டியின் கம்ப்யூட்டர் தானாகவே சங்கை ஊதி, பள்ளத்தாக்கில் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் எச்சரிக்கை அனுப்பிவிடும். போன் போடும் வழக்கம் அத்தோடு நின்றது. மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் கார்லின் திரை பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் வழி இல்லை. காலையில்தான் வெட்டியிருந்தார்கள், அதுவும் அவள் கேட்டுக்கொண்டதன் பேரில்.

"தண்ணி பூங்காவுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

கார்லின் குரலில் இருந்த கேலி போய்விட்டது. "வழக்கமா ஒரு மணி நேரம்னு சொல்லுவோம். இது வழக்கமான தண்ணி இல்லம்மா. ஏற்கெனவே கொஞ்ச நேரம் ஆச்சு. ஐயோ, உங்களுக்கு வரலையா? நெஜமாவே வரலையா?"

ஓடெல் அதற்குள் வயர்லெஸ்ஸைப் பிடித்துவிட்டார். ரோந்துக் கார்கள் இரண்டும் பள்ளத்தாக்கின் மறுகோடியில் ஒரு விபத்துக்குப் போயிருந்தன. திரும்புகிறோம் என்றார்கள். சங்குகளை இயக்கும் புரோகிராம் பூட்டப்பட்ட சர்வருக்குள் கிடந்தது. வெர்னா டுவைட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாட்டு நேரத்தில் போனை வண்டியிலேயே வைத்துவிடுகிறவன் அவன். பாதிரியாரும் எடுக்கவில்லை. டுவைட்டின் அத்தைமார்களில் ஒருத்திகூட எடுக்கவில்லை. வெயிலில் போர்வை விரித்து உட்கார்ந்திருப்பார்கள், குழந்தைகள் ஓரத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருக்கும். ப்ரூவிட்டைக் கூப்பிட்டாள்.

"லைனை ஒரு நிமிஷம் திறங்க. ஒரே ஒரு செய்தி உள்ள வரட்டும். அப்புறம் மூடிக்கலாம்."

"முடியாது மேடம்."

"ஆத்தங்கரைல எங்க ஊரே உக்காந்திருக்கு சார்!"

"அதே கம்பிலதான் ஆஸ்பத்திரிங்க இருக்கு. திறந்த உடனே அந்தக் கும்பல் உள்ள வந்துட்டா, ஆபரேஷன் டேபிள்ல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அவர் குரல் இப்போதும் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. "திறந்தாலும் உங்க மெஷின் பூட்டித்தானே கிடக்கு? அதால எப்படி அனுப்ப முடியும்?"

அது உண்மை. பயத்தில் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"அப்ப நீங்களே அனுப்புங்க."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல. பேரிடர்த் துறைதான் அனுப்பணும். அவங்களை இன்னொரு போன்ல கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். மழை பேஞ்ச கவுன்டிங்க எல்லாம் அவங்களைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு, லைன் கிடைக்கல. விட மாட்டேன் மேடம். நீங்களும் வேற வழி பாருங்க."

வேறு வழி என்றால் பக்கத்தில் இருந்த கிராண்டல் கவுன்டிதான். அவர்களிடமும் போன்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. ஆபத்து நேரத்தில் ஒருவருக்காக ஒருவர் அனுப்பலாம் என்று ஓர் ஒப்பந்தம் பேசி, இரண்டு கவுன்டி ஆணையர்களும் சண்டை போட்டுக்கொண்டு அதைக் கிடப்பில் போட்டிருந்தார்கள். இரண்டு மையங்களையும் ஒன்றாக்கும் பேச்சு வந்தபோது அங்கே தலைமை வகிக்கும் லூயெல்லாவை ஓடெல் பொதுக் கூட்டத்திலேயே ஏதோ சொல்லிவிட்டார். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"கூப்பிடுங்க ஓடெல்."

"அவ எடுக்க மாட்டா."

"கூப்பிடுங்கன்னு சொல்றேன்ல!"

எடுத்தாள். "அடேயப்பா, ஓடெல் துரைக்கு இப்பதான் என் நம்பர் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"லூயெல்லா, ஹேஸ்டன்ல எல்லாக் கதவும் திறந்தாச்சு. எங்களுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்ல. கீழ ஜனங்க உக்காந்திருக்காங்க. நீ அனுப்பணும். உன் கால்ல வேணாலும் விழறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவளிடமிருந்து கேலி எதுவும் வரவில்லை. "எது வரைக்கும் வேணும்?"

வெர்னா போனைப் பிடுங்கி, அணையடியிலிருந்து பழைய ரயில் பாலம் வரை ஆற்றின் இரு கரையையும் சொன்னாள்.

"அது முழுக்க உங்க எல்லை. அந்தப் பேப்பர்ல இன்னும் யாரும் கையெழுத்துப் போடல தெரியுமில்ல?" என்றாள் லூயெல்லா. விசைகள் தட்டப்படும் ஓசை நிற்கவே இல்லை. "என் சீட்டைக் கிழிச்சாலும் கிழிப்பாங்க. கிழிக்கட்டும், போ. 'உடனே மேட்டுக்கு ஏறுங்க'ன்னு போடறேன். வேற ஏதாச்சும் சேக்கணுமா?"

"வண்டியைத் தேடாம நடந்தே ஏறச் சொல்லுங்க."

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அனுப்பினாளா, எல்லை தாண்டியதால் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டதா, தெரியவில்லை. ஓடெலின் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தன.

அந்த அறையில் இருந்த இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் அலறின.

வெர்னா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மலைச்சாலை வளைவில் இறங்கும்போதே எதிரே பிக்கப் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஏறி வந்தன. பின்பக்கம் முழுக்கக் குழந்தைகளும் கிழவர்களும். ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்தாள். டுவைட் இல்லை. கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஊரே மூச்சிரைக்க நின்றது. அவள் ஆற்றைப் பார்த்தாள். பூங்காவைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று மலை முழங்குவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் சாப்பாட்டு மேசைகள் மிதந்து போயின. ஒரு மேசையில் இன்னும் விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. தலைக்குமேலே அதே வெயில் அடித்தது.

"டுவைட்டைப் பாத்தீங்களா?" பார்த்தவர்களையெல்லாம் கேட்டாள்.

"பின்னாடிதான் வந்தான்," என்றார் ஒருவர். "இல்ல, திரும்பி ஓடினான், சக்கர நாற்காலியில இருந்த ஒரு அம்மாவைத் தூக்க," என்றாள் இன்னொருத்தி.

அந்த மேட்டிலிருந்து அவள் கீழே இறங்கப் பார்த்தபோது இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். எவ்வளவு நேரம் அப்படித் திமிறிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மறுபுறம், மரங்களுக்கு நடுவிலிருந்து டுவைட் வந்தான். இடுப்புவரை சேறு. முதுகில் அந்த அம்மாள், அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பல் கிட்டிப்போய்க் கிடந்தாள்.

"வண்டில இருந்த போனெல்லாம் கத்துச்சு," என்றான். வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை அவனுக்கு. வெர்னா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

விருந்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். ஆனால் அணைக்குக் கொஞ்சம் கீழே, வில்லர்ட் காம்ப்ஸ் என்ற கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். போன் வைத்துக்கொள்ளாதவர் அவர். பக்கத்திலேயே ஒரு சங்குக் கம்பம் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ரயில் பாலத்தடியில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

அதன் பிறகு மூன்று அரசுகளும் கூடின. மாநிலத்துக்கு வந்த செய்தி அங்கேயே நின்றுபோனால் யார் கவனிப்பது என்று யாருமே யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. அணை திறந்தால் ஓர் ஆள் இன்னோர் ஆளைக் கூப்பிட்டு, "கேட்டேன்" என்ற பதிலைக் காதால் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லை மீறியதற்காக லூயெல்லாவுக்குக் கண்டனம் வந்தது. அதே வாரம் ஒப்பந்தத்திலும் கையெழுத்தாயிற்று. லைனைத் திறந்திருந்தால் ஆஸ்பத்திரிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கெல்லாம் முன்பு நடந்த வில்லர்டின் அடக்கத்துக்கு ப்ரூவிட் தலைநகரிலிருந்து தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வெர்னாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தூக்கமே வரல மேடம்," என்றார் மெதுவாக.

"எனக்கும்தான். மேகம் கறுத்தாலே எழுந்து அணைக்குப் போன் போடறேன் சார்."

எல்லோரும் கலையத் தொடங்கியதும் வில்லர்டின் மகள் மெர்ல் நேராக அவர்களிடம் வந்தாள். அழுது முடித்துக் காய்ந்துபோன முகம். ப்ரூவிட்டை அவளுக்குத் தெரியாது. வெர்னாவைத்தான் பார்த்தாள்.

"எங்கப்பா உக்காந்திருந்த இடத்துக்கு எதிர்லயே சங்கு இருக்கு. கையை நீட்டினா தொடலாம். அது ஏன் ஊதலை? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ சொல்லு."

ப்ரூவிட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெர்னா அவரைக் கையமர்த்தினாள். மெர்லைக் கூட்டிப்போய்ப் புல்லில் போட்டிருந்த மடக்கு நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"காலைல லைனை வெட்டச் சொன்னது நான்தான் மெர்ல்," என்று சொல்லத் தொடங்கினாள்.