சீமாட்டியின் சாம்பல் குளியல்

நிக்கலஸுக்கு இந்த உலகத்தில் உயிருக்கு உயிரானவை மூன்று: மனைவி மரியமலர், பழைய மோட்டார் சைக்கிள், சீமாட்டி என்ற கோழி. இந்த வரிசை எப்போதோ தலைகீழாகிவிட்டது என்பதுதான் மரியமலரின் நெடுநாள் முறைப்பாடு. அது பொய் என்று சொல்ல என்னால் முடியாது. துறைமுகத்தில் வேலை முடிந்து ஓர்ஸ் ஹில் வீட்டுக்கு வந்ததும் மனுசன் கால் கழுவுகிறாரோ இல்லையோ, கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் இருந்துவிடுவார். கோழியும் அவரோடு சேர்ந்து செய்தி பார்க்கும்.

அப்படிச் செய்தி பார்த்த கோழி, ஒருநாள் செட்டையைத் தூக்கித் தூக்கிக் கோதத் தொடங்கியது. வாலடியில் இறகு கொட்டித் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் விலக்கிப் பார்த்தால், மிளகாய்த்தூளுக்குக் கால் முளைத்ததுபோலச் செள்ளுப் பூச்சி ஓடியது.

அது கோழியோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன வந்தது? மடியிலிருந்து அவர் உடுத்த சாரத்துக்கும் சாரத்திலிருந்து கட்டிலுக்கும் குடிவந்துவிட்டது. கோயிலில் மரியாயின் சேனைத் தலைவியான மரியமலர், செபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் முதுகைச் சொறிந்தார். அதைப் பக்கத்தில் இருந்த அஞ்சலினா டீச்சர் பார்த்துவிட்டார். போன மானத்தை வைத்துக்கொண்டு மரியமலர் நேரே வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சருங்கோ, புதன்கிழமை விபூதிப் புதன். பிறகு நாப்பது நாளைக்கு வீட்டில இறைச்சி இல்லை. செவ்வாய் இரவுக் கறி உங்கட சீமாட்டிதான். அதுக்கு முதல் ஒரு செள்ளுக்கூட இல்லாமக் காட்டினா விடுவன்."

இதைச் சொன்னது சனிக்கிழமை காலை. மரியமலர் விளையாட்டுக்குக் கத்தி தீட்டுகிற ஆளில்லை. நிக்கலஸ் உடனே கிண்ணியாவுக்குப் போன் எடுத்தார். அங்கே இருந்த ஸெய்னுதீன் நானா மிருக வைத்தியர் அலுவலகத்தில் இருபது வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கோழி வியாதியில் அவருக்குத் தெரியாதது இல்லை.

"மருந்துத் தூள் முடிஞ்சி, தம்பி. புதன்கிழமைதான் கொண்டுவருவன்" என்றார் நானா. "வாலடியிலயும் செட்டைக்குக் கீழயும் போட்டு, செள்ளு முட்டை பொரிச்சு வாறதுகளுக்குப் பத்து நாளால இன்னொருக்கா போடணும். அதுவரைக்கும் கூட்டைக் கொதிதண்ணியால கழுவி வெயில்ல காயவைங்க. மணலும் சாம்பலும் கலந்து வைங்க. கோழி தானாப் புரண்டு குளிக்கும். நீங்க குளிப்பாட்டப் போகாதீங்க."

சனியும் ஞாயிறும் நிக்கலஸ் கூட்டைக் கழுவினார். பலகை இடுக்குகளில் கொதிதண்ணீர் ஊற்ற ஊற்ற, பகலில் ஒளிந்திருந்த செள்ளுப் பட்டாளம் வெளியே மிதந்தது. கோழி இருக்கும் தடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுத் தடி கட்டினார். இவ்வளவு சுத்தமாக அவர் தன் முகத்தையே கழுவியதில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் பார்த்தால், மணல் இருந்தது, சாம்பல் இல்லை. ஊரெல்லாம் கேஸ் அடுப்பு. நாலு வீட்டுக் கதவைத் தட்டியும் ஒரு பிடி கிடைக்கவில்லை. கடைசியில் தன் வீட்டுக் குசினியில், அலுமாரிக்கு மேலே, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மாவாக அரித்த கறுத்த சாம்பல்! பாத்திரம் மினுக்க மனைவி எடுத்து வைத்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய மூளை அப்போது கோழிக்கூட்டுக்குள் இருந்தது. டின்னை அப்படியே பழைய டயருக்குள் இருந்த மணலில் கவிழ்த்தார்.

சீமாட்டி ஒருதரம் கொத்திப் பார்த்தது. பிறகு தொப்பென்று சரிந்தது. காலால் இறைத்து, செட்டையை விரித்து, கழுத்தைத் தேய்த்து, மல்லாக்கப் புரண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அந்தச் சுகத்தைப் பார்த்து நிக்கலஸுக்கே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்க ஆசை வந்தது.

மூன்று மணிக்கு மரியமலர் கறிச்சரக்கோடு சந்தையிலிருந்து வந்தார்.

"அலுமாரிக்கு மேல இருந்த டின் எங்க?"

"சோக்கான சாம்பல், மலர்! சீமாட்டி அரை மணித்தியாலமாப் புரளுது."

மரியமலர் கதிரையில் பொத்தென்று இருந்தார். "அது கோயில் சாம்பல். போன வருசம் குருத்தோலை ஞாயிறில எல்லாருக்கும் குடுத்த ஓலையை முழுக்கச் சேர்த்து நேற்று எரிச்சனான். நாளைக்குச் சனத்தின்ர நெத்தியில பூசுறது. அஞ்சு மணிக்கு ஃபாதரிட்டக் குடுக்கவேணும்!"

"திரும்ப அள்ளி அரிச்சா..."

"செள்ளோடயோ? ஃபாதர் பூசப் பூச, முழுக் கோயிலும் நெத்தியைச் சொறியவோ?"

அந்தக் காட்சி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்திருக்கவேண்டும். நிக்கலஸ் முதலில் சிரித்தார். மரியமலர் அவரை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார்.

பிறகு மோட்டார் சைக்கிள் பறந்தது. ஓலையை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்த வீடுகளில் இனி என்ன இருக்கும்? கொடுக்க மறந்த சோம்பேறிகளைத் தேடவேண்டும். அயல்வீட்டுச் சுகந்தனின் ஓட்டோவை நடுவீதியில் நிற்பாட்டி, கண்ணாடியில் தொங்கிய ஓலைச் சிலுவையைக் கழற்றினார்கள். தேடிப் போன ஒவ்வொரு வீட்டிலும் படத்துக்குப் பின்னால் ஒன்று, பைபிளுக்குள் ஒன்று என்று கிடைத்தது. அஞ்சலினா டீச்சர் வீட்டில் மட்டும் மூன்று வருசத்து ஓலை இருந்தது. மரியமலர் அதை டீச்சருக்கு முன்னாலேயே ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். முதுகு சொறிந்ததைப் பார்த்ததற்கு அது போதும்.

"கொஞ்ச நாளைக்கு முதல்தானே எல்லாரும் குடுத்தது, இப்ப ஏன் திரும்ப?" என்று டீச்சர் கேட்டார்.

தவக்காலத்துக்கு முதல்நாள் பொய் சொல்ல மரியமலருக்கு மனம் வரவில்லை. "அதை எங்கட கோழி குளிச்சிட்டுது, டீச்சர்" என்றார்.

கோயில் வளவில் ஓலையை எரித்து, நிக்கலஸின் சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் அரித்து, ஐந்து மணிக்கு ஃபாதரிடம் கொடுத்தபோது இருவர் மூக்கிலும் கரி. வீடு திரும்பும்வரை சிரிப்பு அடங்கவில்லை. வாசலில் அடங்கியது. மேசையில் கறிச்சரக்கு அப்படியே இருந்தது.

மரியமலர் கத்தியை எடுத்துக்கொண்டு கூட்டடிக்குப் போனார். சீமாட்டியின் செட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"செள்ளு இன்னும் ஓடுது" என்றார்.

நிக்கலஸ் கோழிக்கும் கத்திக்கும் நடுவில் வந்து குந்தினார். "நாளைக்கு மருந்து வந்திடும். எனக்கு ஏலாது, மலர். வேலையால வரேக்க படலையடிக்கு ஓடி வாறது அது ஒண்டுதான். அது இல்லாட்டி நான் அழுதிடுவன்."

"ஆர் இப்ப வெட்டப்போகினம்?" மரியமலர் கத்தியைத் தரையில் வைத்தார். "எங்களுக்கு நெத்தியில ஒரு பொட்டு. இவவுக்குத் தலையில இருந்து வால் வரைக்கும் குருத்தோலைச் சாம்பல். இவவை வெட்டிப்போட்டு நாளைக்கு நான் எந்த முகத்தோட ஃபாதருக்கு முன்னால போய் நிக்கிறது?"

"அப்ப நாப்பது நாள் முடிஞ்சு, உயிர்த்த ஞாயிறுக்கு?"

"அப்பவும் ஏலாது. கொண்டாங்கோ அந்தக் காலை."

சீமாட்டியின் காற்செதிள்கள் தூக்கிக்கொண்டு சொரசொரத்துக் கிடந்தன. அங்கேயும் செள்ளு புகுந்திருந்தது. மூன்று நாளாகக் கோழியையே சுற்றிய நிக்கலஸ் அதைக் கவனிக்கவில்லை. மரியமலர் குசினிக்குள் போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார்.

"என்ன வாயைப் பார்க்கிறியள்? பிடியுங்கோ. அப்பிடி இறுக்காதேங்கோ, நோகப்போகுது அவவுக்கு."