மிட்ஜின் தாடை

உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்த பன்னிரண்டு நாய்த்தலைகளும் காலை எட்டரைக்கெல்லாம் இளகிவிட்டிருந்தன. மெரில் ஹெப்பிள் ஒவ்வொன்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, கண் தெரியாதபடி நீலத் துணியால் மூடினாள். கண்ணைப் பார்த்தால் சிலர் அழுவார்கள், அழுதால் நேரம் வீணாகும். அதற்காகத்தான் மூடினாளே தவிர இரக்கப்பட்டு அல்ல.

ஸ்கார்பரோ கடற்கரையை ஒட்டிய ஒரு கூடத்தில், நாய் பூனைகளைப் பார்க்கும் மருத்துவமனை நர்சுகளுக்கு அவள் பல் பராமரிப்புப் பயிற்சி நடத்தி வந்தாள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவது, ஈறு எவ்வளவு ஆழம் விட்டுப்போயிருக்கிறது என்று அளப்பது, எக்ஸ்ரே எடுப்பது, எடுத்ததைப் படிப்பது, எல்லாம் ஒரே நாளில். அவளிடம் படித்தால் கை நன்றாக வரும் என்று பேர். அவளிடம் படிப்பவர்களில் பாதிப்பேர் இடைவேளையில் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வருவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஒன்பது மணிக்குப் பேர் கூப்பிட்டாள்.

"டாம்சின் பீல்."

"இருக்கேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் மெரில் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். கடைசி மேசையில் ஒல்லியாக ஒருத்தி நின்றிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் டாம்சின் ராவ்தன். மெரில் தலைமை நர்சாக இருந்த மருத்துவமனையில் சேர்ந்து மூன்றே மாதத்தில் வேலையை விட்டுப்போனவள். கல்யாணம் ஆகிப் பேர் மாறியிருக்கிறது. மெரில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. நீங்க நர்ஸு. காரை எடுக்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். பல்லு பிடுங்குறது டாக்டர் வேலை. நெம்புற கருவிய எவளாவது கையில எடுத்தீங்கன்னு தெரிஞ்சா, வீட்டுக்குப் போய் பின்னல் வேலை பாருங்க. புரியுதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பாடம் தொடங்கியது. மெரில் மேசை மேசையாக நடந்தாள்.

"இதுவா பிடிக்கிற லட்சணம்? கஞ்சியக் கிண்டுறியா, பல்லச் சுத்தம் பண்றியா?" என்றாள் ஒருத்தியிடம். இன்னொருத்தியிடம், "ஒரே பல்லுல இவ்வளவு நேரம் மெஷின வெச்சா வேர் வெந்துடும்மா. செத்த நாய், அதனால பொறுத்துக்கிட்டிருக்கு."

க்ளெனிஸ் என்ற பருத்த வேல்ஸ்காரி மட்டும் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க, எதையும் பொறுத்துக்கிட்டிருப்பாரு."

"அவரும் செத்துட்டாரா?"

க்ளெனிஸின் சிரிப்பு அப்படியே நின்றது. போன மாதம்தான் அவர் இறந்திருந்தார் என்று பக்கத்தில் இருந்தவள் மெல்லச் சொன்னாள். மெரில் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

டாம்சினின் தட்டுக்கு முன் அவள் அதிக நேரம் நின்றாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. ஈறின் ஓரமாக அளவு ஊசி மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. ஒவ்வொரு பல்லின் அளவும் தாளில் சுத்தமாக ஏறியிருந்தது.

தேநீர் நேரத்தில் டாம்சினே தேடி வந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்னை ஞாபகம் இருக்குங்களா?"

"இருக்கு."

"திரும்பவும் நர்ஸா பதிஞ்சிட்டேன். இத்தனை நாள் ரொட்டி ஃபேக்டரில இருந்தேன். திங்கக்கிழமை ஒரு மருத்துவமனைல சேரணும். இந்தப் பயிற்சில நீங்க கையெழுத்துப் போட்டாதான் எடுத்துக்குவாங்க." கொஞ்சம் தயங்கினாள். "அன்னைக்கு நீங்க எனக்காகப் பேசினீங்க. எழுதிக் கொடுத்துட்டு கௌரவமா வெளிய போயிடு, விசாரணை வராம நான் பாத்துக்கிறேன்னீங்க. இல்லைன்னா பதிவேட்டுலேர்ந்து என் பேரையே எடுத்திருப்பாங்க. அதுக்கு நான் நன்றி சொன்னதே இல்ல."

இந்தப் பெண் கத்தியிருந்தால் சமாளித்திருப்பாள். இவள் நன்றி சொல்கிறாள்.

நடந்தது இதுதான். ஸ்டேவ்லி என்ற கிழவர் மிட்ஜ் என்னும் தன் யார்க்ஷயர் டெரியரைப் பல் சுத்தம் செய்யக் கொண்டுவந்தார். கைக்குள் அடங்கும் நாய். கீழ்த் தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று அழுகியிருந்தது. டாக்டர் லைல் பக்கத்து அறையில் வேறு பிராணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீயே எடுத்துடு மெரில், உனக்குத் தெரியாததா" என்றார், எப்போதும்போல. டாம்சின் தலைமாட்டில் நின்று மேல் தாடையைத் தூக்கிப் பிடித்து, மயக்க மருந்துக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெரில் நெம்பினாள். தாடை சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்தது. அடுத்த கணமே மெரிலின் வாயிலிருந்து வந்தது: "என்னடி பண்ணித் தொலைச்ச? ஏன் இப்படி அழுத்தின?"

அந்தத் தாடை மறுபடி சேராது என்று மிட்ஜைக் கருணைக்கொலை செய்தார்கள். சாயங்காலம் மெரில் சொல்லச் சொல்ல டாம்சின் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: கவனக்குறைவால் நான்தான் அழுத்திவிட்டேன். ஸ்டேவ்லி நாயின் கழுத்துப்பட்டையை அவள் முகத்தில் விட்டெறிந்தார்.

தாடை ஒடிந்ததும் எடுத்த எக்ஸ்ரேயை மெரில் வைத்துக்கொண்டாள். பயிற்சி நடத்தத் தொடங்கியதும் திரையில் போட்டுக் காட்டினாள். முரட்டுக் கை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல படம் கிடையாது. பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இன்று அதைத் தாண்டிப் போயிருக்கலாம். தேநீர்க் கோப்பையைக் கழுவும்போது அப்படித்தான் நினைத்தாள். பிறகு வேறு எண்ணம் வந்தது. படத்தைப் பார்த்தால் இவள் உடைந்து எழுந்து போய்விடுவாள். போய்விட்டால் கையெழுத்தும் வேண்டாம், இந்த வட்டாரத்தில் எந்த மருத்துவமனையிலும் இவள் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம்.

மதியத்துக்கு மேல் எக்ஸ்ரே படிக்கும் பாடம். ஒரு மணி நேரம் மெரில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். வேரைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்தால் எலும்பு கரைந்திருக்கிறது, வெள்ளைக் கோடு அறுந்திருந்தால் முறிவு, பல் குழியைவிட்டு எழும்பியிருந்தால் யாரோ நெம்பியிருக்கிறார்கள். கடைசியில் மிட்ஜின் தாடையைத் திரையில் போட்டாள். கூடம் உச்சுக்கொட்டியது.

"பாவம்! யாரு இப்படிப் பண்ணது?" என்றாள் க்ளெனிஸ்.

"ஒரு நர்ஸு. மூணு மாச அனுபவம். தலையப் பிடிக்கச் சொன்னா இறுக்கி அழுத்தியிருக்கா. பேர் வேண்டாம். வேணும்னா ஃபோன்ல படம் எடுத்துக்கோங்க, உங்க ஆஸ்பத்திரில ஒட்டி வைங்க." ஃபோன்கள் எழும்பின. "டாம்சின், நீ எழுந்து படி. இந்தப் படத்துல என்ன தெரியுது?"

டாம்சின் எழுந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் வாசலைப் பார்ப்பாள் என்று மெரில் காத்திருந்தாள். அவள் திரையைப் பார்த்தாள்.

"கீழ்த் தாடை. வலப் பக்கம்." குரல் மெல்ல வந்தது. "கடைவாய்ப் பல்லுக்குக் கீழ எலும்பு நிறையக் கரைஞ்சிருக்கு. மிச்சம் இருக்கிறது ஒரு நூலளவுதான்."

"ம். முறிவு எங்க?"

"குழியோட அடியிலேர்ந்து போகுது." அவள் நிறுத்தினாள். ஒரு அடி முன்னால் வந்தாள். "பல்லு பாதி எழும்பியிருக்கு. குழியோட சுவருல ஒரு வெட்டு இருக்கு. கருவி நுழைஞ்ச இடம்."

மெரில் அடுத்த படத்துக்குப் பொத்தானைத் தேடினாள். கை சரியாகப் படவில்லை.

"இது அழுத்தி ஒடிஞ்சதில்ல," என்றாள் டாம்சின். "நெம்பி ஒடிஞ்சது. அழுத்தினா மேல் தாடைலதான் பாரம் விழும். நான்... பிடிச்சவ மேல் தாடையத்தான பிடிச்சிருப்பா."

"நர்ஸு நெம்பக் கூடாதுன்னு காலைலதான சொன்னீங்க. அப்ப நெம்பினது யாரு?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

"டாக்டர்," என்றாள் மெரில். "எடுத்தது டாக்டர். உட்காரு டாம்சின். தெரியாதத அளந்து விடாத."

டாம்சின் உட்கார்ந்தாள். மாலை வரை கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ திருப்பிக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல.

ஐந்து மணிக்கு மெரில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தாள். பதினொரு பேர் தேறினார்கள். டாம்சினின் தாளில், கை நடுங்குகிறது, உயிருள்ள பிராணிகளிடம் விடத் தகுதி இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள்.

டாம்சின் அதை இரண்டு தடவை படித்தாள். "நீங்கதான்," என்றாள். "அஞ்சு வருஷம். என் பொண்ணக் குளிப்பாட்டும்போதுகூட அழுத்திடுவேனோன்னு பயந்து என் வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுவேன்."

"உன் வீட்டுக் கதை எனக்கெதுக்கு? நீயே எழுதிக் கொடுத்த தாள் இருக்கு. போய் யார்கிட்ட வேணா சொல்லு."

"இவ கைதாங்க இந்தக் கூடத்துலயே சுத்தமான கை, எல்லாரும் பாத்தோம்," என்று பின்னாலிருந்து சொன்னாள் க்ளெனிஸ்.

"உன்கிட்ட நான் கேட்டேனா? புருஷன் போனதும் பேச ஆள் இல்லையா?"

க்ளெனிஸ் தன் ஃபோனை எடுத்து, மதியம் பிடித்த படத்தை அங்கேயே நின்று டாம்சினுக்கு அனுப்பினாள்.

கூடம் காலியானதும் மெரில் நாய்த்தலைகளை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் கட்டினாள். கணினியிலிருந்து அந்தப் படத்தை அழித்தாள். பன்னிரண்டு ஃபோன்களில் அது இருக்கிறது என்பது காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

டாம்சின் கொடுத்த புகாரின்மேல், அடுத்த மார்ச்சில் லண்டனில் நர்சுகளின் பதிவுக் குழு மெரிலை விசாரித்தது. பல்லை எடுத்தது டாக்டர்தான் என்று மெரில் சாதித்தாள். ஓய்வு பெற்று போர்ச்சுகலில் இருந்த லைல் எழுதி அனுப்பியதைக் குழுத் தலைவர் படித்தார்: அந்த நாயின் வாயில் நான் கை வைக்கவில்லை, யாரையும் வைக்கச் சொல்லவும் இல்லை, ஹெப்பிள் தானாகவே செய்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் அவர் சொல்லித்தான் அவள் பல் பிடுங்கினாள். அதற்கு ஒரு துண்டுத் தாள்கூட அவளிடம் இல்லை. சொல்லிப் பார்த்தாள். குழுவில் இருந்தவர்கள் அவளை, அவள் மாணவிகளைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்கள். பதிவேட்டிலிருந்து அவள் பேரை நீக்கினார்கள்.

வெளியே நடைவழியில் டாம்சின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேல்கோட்டின் பொத்தானை மாட்டியபடி மெரில் அவள் முன் நின்றாள்.

"இப்ப சந்தோஷமா?"

டாம்சின் நிமிர்ந்தாள். "போன வாரம் ஸ்டேவ்லி வீட்டுக்குப் போனேன். படத்த எடுத்துட்டு. அவரு கதவத் திறக்கல. கடிதம் போடுற ஓட்டை வழியா பேசினாரு. 'நாயக் கொன்னவ நீதான'ன்னாரு. இல்லைங்க, நான் இல்லைங்கன்னேன். 'நீ இல்லைன்னா ஏன் எழுதிக் கொடுத்த? நீ பொய் சொன்னதால யாரு கொன்னாங்கன்னு தெரியாமயே அஞ்சு வருஷம் போச்சே'ன்னாரு. அவ்வளவுதான். ஓட்டைய மூடிட்டாரு."

அதைக் கேட்டதும் மெரிலுக்கு நெஞ்சு லேசானது. தன்னைப்போலவே இவளுக்கும் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை என்பதில் ஒரு இதம். அதை மறைக்க அவள் நினைக்கும் முன்பே உதட்டோரம் அசைந்துவிட்டது.

டாம்சின் அதைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து, படி இறங்கிப் போனாள். மெரில் அங்கேயே நின்றாள். அந்த இதம் மாடிப்படியின் கடைசிக் காலடிச் சத்தம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.