ரமீஸாவைப் பார்த்துக்கொண்டவர்கள்

ரமீஸாவுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எதையும் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். புரிந்ததை வாயால் சொல்ல அதைவிட நேரம் பிடிக்கும். ரூபாய் நோட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். பழவேற்காட்டில் உம்மாவோடு இருந்தவள், உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு கும்மிடிப்பூண்டிக்கு அக்கா மெஹர்னிசாவின் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள்.

மெஹர்னிசாவும் அவள் புருஷன் முஸ்தபாவும் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் இருட்டிய பிறகுதான் வீடு. பகலில் தங்கச்சியோடு இருக்க ஓர் ஆள் வேண்டுமென்று மெஹர்னிசா ஒரு டிரஸ்டில் சொல்லிவைத்தாள். இப்படிப்பட்டவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ள அங்கே பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். அப்படி வந்தவள்தான் ஏஞ்சல்.

ஏஞ்சல் சின்னப் பெண். ரமீஸாவின் எந்த வேலையையும் தானே செய்துகொடுத்துவிட மாட்டாள். "டீ வேணுமா? நீயே போடு ரமீஸா, நான் பக்கத்துல நிக்கறேன்" என்பாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். சர்க்கரை தரையில் சிந்தி எறும்பு மொய்க்கும். அந்த ஒரு டம்ளர் டீக்குக் காலைப்பொழுதே போய்விடும். பிறகு இரண்டு பேருமாகப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவார்கள். ஏஞ்சல் ஓர் அடி பின்னால்தான் நிற்பாள். "அண்ணே, வெங்காயம் குடு" என்ற மூன்று வார்த்தை ரமீஸாவின் வாயிலிருந்து வந்துசேரும்வரை கடைக்காரரும் நிற்பார், பின்னால் வந்தவர்களும் நிற்பார்கள். ஏஞ்சல் மட்டும் அவசரப்படுத்தவே மாட்டாள்.

ஒருநாள் ரமீஸா விரலைச் சுட்டுக்கொண்டாள். சின்னக் கொப்புளம்தான். அதைப் பார்த்த மெஹர்னிசா ஓடிப்போய் மருந்து எடுத்துவந்து தடவினாள். ஏஞ்சலைக் கடிந்து பேசினாள். அந்தச் சமயத்தில்தான் ஏஞ்சலுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு, அவள் வீட்டருகே கம்பெனி பஸ் வரும். ரமீஸாவின் கன்னத்தைத் தடவி, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரேன் என்றால் திரும்பி வருவாள் என்றுதான் ரமீஸா எடுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த செல்வி நடுவயதுக்காரி, நல்ல மனசுக்காரி. அவள் வந்த பிறகு அடுப்பு பளபளத்தது. ரமீஸாவுக்குத் தலை சீவி, பின்னலிட்டு, நைட்டி பட்டன்களைக்கூட அவளே போட்டுவிடுவாள். சோற்றைப் பிசைந்து ஊட்டவும் செய்வாள். ரமீஸா சமையலறைப் பக்கம் வந்தால், "நீ போய் டி.வி. பாரு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் உட்காரவைப்பாள். அந்தத் தொடுதலில் ஒரு முரட்டுத்தனமும் இருக்காது.

"தங்கமா பாத்துக்குது செல்வி" என்று மெஹர்னிசா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

ரமீஸாவுக்கு டி.வி. அலுத்துப்போனது. ஜன்னல் ஓரமாக நின்றுகொள்வாள். நைட்டிமேல் போட்ட துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றுவாள், அவிழ்ப்பாள். உள்ளே செல்வி வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால் அவள் கையும் அந்தத் தாளத்துக்கு ஜன்னல் விளிம்பில் தட்டும்.

"ஏஞ்சல்?" என்று கேட்பாள்.

"அவ கம்பெனிக்குப் பூட்டா கண்ணு."

"எங்க?"

"அதோ, பஸ்ஸு போவுது பாரு, அதுலதான் போவா, வருவா."

சாயங்காலத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னல்களில் நீலக் கோட்டு போட்ட பெண்கள் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். செல்வி போகிறபோக்கில் சொன்னது ரமீஸாவுக்குள் இறங்கிப் பல நாள் கிடந்தது. ஏஞ்சல் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறாள். அப்படியானால் பஸ் நிற்கும் இடத்தில் இறங்குவாள்.

ஒருநாள் மாலை கேஸ் சிலிண்டர் வந்தது. சிலிண்டரை உள்ளே வைக்கச் சொல்லி ஆளோடு செல்வி பின்கட்டுக்குப் போனாள். கிரில் கேட் திறந்திருந்தது. ரமீஸா வெளியே வந்து, பஸ்கள் போகும் திசையிலேயே நடந்தாள்.

பெரிய ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போனால் காலடி மண்ணே அதிரும். தனியாகக் கடக்கக் கூடாது, யாராவது கடந்தால் அவர்களோடு ஒட்டிக்கொண்டு போகணும் என்று ஏஞ்சல் சொல்லிக் கொடுத்திருந்தாள். பூக்கூடையோடு ஓர் அம்மா வரும்வரை ரமீஸா ஓரத்திலேயே நின்றாள். அந்த அம்மா கடந்தபோது அவள் முந்தானையை மெல்லப் பிடித்துக்கொண்டு தானும் கடந்தாள்.

ஸ்டாப்பிங்கில் ஒரு பஸ் நின்றது. நீலக் கோட்டுகள் இறங்கின, ஏஞ்சல் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ரமீஸாவுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. பஸ் வரும்போதெல்லாம் படிக்கட்டைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைப்பாள், பிறகு பின்வாங்குவாள்.

கடைசியில் ஏஞ்சல் இறங்கினாள். மெலிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ரமீஸாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரு கூட வந்த?"

ரமீஸா யோசித்துச் சொன்னாள். "நானே."

"ரோட்ட எப்படித் தாண்டின?"

"பூக்கார அம்மா."

ஏஞ்சல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கோட்டில் எண்ணெய் வாசனை அடித்தது. ரமீஸா அந்தக் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊட்டுக்கு வா" என்றாள்.

ஏஞ்சல் உடனே மெஹர்னிசாவுக்குப் போன் செய்தாள். முஸ்தபா பைக்கில் தேடிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்ததும் ஏஞ்சலும் ரமீஸாவும் ஆட்டோவில் ஏற, அவர் பைக்கில் பின்னாலேயே வீட்டுக்கு வந்தார்.

செல்விக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. மெஹர்னிசா தங்கச்சியின் கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கும் அடியில்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

"நாளைலருந்து கேட்டுக்குப் பூட்டு. சாவி என் கையில."

"அக்கா, பூட்டாதீங்க" என்றாள் ஏஞ்சல். "தெரியாத எடத்துக்கு ஒண்ணும் அவ போவல. என்னத் தேடித்தான் வந்தா. ஒழுங்கா ரோட்டத் தாண்டி வந்துருக்கா."

"லாரி அடிச்சிருந்தா?"

ஏஞ்சல் ரமீஸாவின் துப்பட்டாவைச் சரிசெய்தாள்.

"உம்மா போறதுக்கு முன்னால என் கையப் புடிச்சிக்கினு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இவளுக்கு ஒண்ணும் ஆவாமப் பாத்துக்கோன்னு. வேற எதுவும் கேக்கல. நான் இன்னா செய்யட்டும் சொல்லு." மெஹர்னிசா ஏஞ்சலின் கையைப் பிடித்தாள். "நீயே திரும்பி வந்துடேன். டிரஸ்ட்ல நான் பேசறேன்."

ஏஞ்சல் தலை குனிந்தாள். "முடியாதுக்கா. எங்க ஊட்ல இப்ப நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் வந்து பாத்துட்டுப் போறேன்."

பேசியதெல்லாம் ரமீஸாவுக்கு விளங்கவில்லை. ஏஞ்சல் எழுந்தபோது மட்டும் விளங்கியது. அவள் படி இறங்கித் தெரு திரும்பும்வரை ரமீஸா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பூட்டு வந்தது. ரமீஸா சாப்பாட்டுக்கு வாய் திறக்க மறுத்தாள். செல்வி தட்டோடு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் உன்ன நல்லாத்தான பாத்துக்கினேன்? இன்னா கொற வெச்சேன், சொல்லு."

செல்வியைப் பிடிக்கவில்லை என்று சொல்ல ரமீஸாவிடம் ஒன்றுமில்லை. "நல்லாத்தான்" என்றாள். பிறகு இரண்டு கையையும் மல்லாத்தி நீட்டினாள். "கை சும்மா கீது."

செல்வி அந்தக் கைகளைப் பார்த்தாள். தட்டை ரமீஸாவின் பக்கம் தள்ளிவைத்தாள். ரமீஸா தானே பிசைந்து சாப்பிட்டாள், பாதி மடியில் விழுந்தது. சாயங்காலம் பூண்டு உரிக்கக் கொடுத்தாள். மறுநாள் அடுப்பில் கொதிக்கும் மீன் ஆணத்துக்கு உப்புப் போடச் சொன்னாள்.

அன்றிரவு முஸ்தபா முதல் கவளத்திலேயே முகம் சுளித்தார். "உப்பு கரிக்குதே."

"நான் போட்டன்" என்றாள் ரமீஸா.

மெஹர்னிசா இன்னொரு கரண்டி ஆணம் ஊற்றிக்கொண்டாள். தன் தட்டைக் காலி செய்தாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போது பூட்டுச்சாவியை செல்வியின் கையில் வைத்து, "கூடவே இரு, கையப் புடிச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாள். செல்வி ரமீஸாவின் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டுதான் தெருமுனைக் கடைக்கு அழைத்துப்போனாள். போகப் போகப் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஏஞ்சல் சொன்னபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள், இன்னொரு ஞாயிறும் வந்தாள். அப்புறம் ஓவர்டைம் என்று போன் வந்தது, அப்புறம் போனும் வரவில்லை. ஞாயிறு எது என்று ரமீஸா கண்டுபிடித்துவிடுவாள், கடையை அரைநாளோடு மூடிவிட்டு அக்கா மத்தியானம் வீட்டில் இருக்கும் நாள் அது. அன்றைக்குத் தானே பட்டன் போட்டு, ஒன்று மாறிப் போட்டு, புதுத் துப்பட்டாவோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு, வெயில் சாய்ந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மெஹர்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "அவ வரலன்னா இன்னா, நாம போவோம். அடுத்த வாரம் நம்ம ரெண்டு பேரும் ஏஞ்சல் ஊட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரலாம், சரியா?"

சொன்னது ரமீஸாவுக்குள் போய்ச் சேர நேரமாயிற்று. சேர்ந்ததும் எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இப்ப இல்லடி. அடுத்த வாரம்."

அடுத்த வாரம் என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ரமீஸாவுக்குத் தெரியாது. தலையை ஆட்டினாள். ஆனால் செருப்பைக் கழற்றவில்லை. கதவுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மெஹர்னிசா உள்ளே போகப் பார்த்து, போகாமல், அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.