மாமனார் படத்துக்குப் பின்னால்

வீட்டை நாங்களே புதுப்பிக்கப் போகிறோம் என்று சொன்னபோது முதலில் சிரித்தவன் எங்கள் மகன். அடுத்துச் சிரித்தது வீடு. படுக்கையறைச் சுவரில் நான் சுத்தியலால் லேசாக, குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோலத்தான் தட்டினேன். கூரைப் பூச்சு ஒரு பாய் அகலத்துக்கு மொத்தமாக இறங்கி என் தலையில் உட்கார்ந்தது. வாசலுக்கு வந்து நின்றபோது, யாரோ சிலை வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வோர் அறையாக எடுத்துக்கொண்டோம். படுக்கையறைக்கு, வண்ண அட்டையில் ‘இளந்தளிர்’ என்று போட்டிருந்த பச்சையைப் பூசினோம். சுவரில் ஏறியதும் அந்தத் தளிர் ஒரே நாளில் முற்றிவிட்டது. விளக்கை அணைத்தாலும் அறை அணைவதில்லை. அடுத்துக் குளியலறை. அங்கே வெந்நீர்க் குழாயைத் திறந்தால் குளிர்ந்த தண்ணீர் வரும், மற்றதைத் திறந்தால் வெந்நீர் வரும். இதையெல்லாம் குறை என்று சொல்லக்கூடாது. வயதான காலத்தில் மூளைக்கு நல்ல பயிற்சி.

எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத்தெருவில் நான் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகும், எடைக்கற்களுக்கு வியர்க்கும். பால்காரரின் மாடுகூட என்னைக் கண்டால் சொட்டுக் குறையாமல் கறக்கும். என் மனைவி தையல்காரி. தெருமுனையில் ஒருவர் திரும்பும்போதே தோள் அகலத்தைச் சொல்லிவிடுவாள். ஆக, அளந்தே பிழைத்த இரண்டு பேர் ஒரே வீட்டில். டேப்பும் இரண்டு. என்னுடையது இரும்பு, அவளுடையது துணி. எது சரி என்று எங்களுக்குள் நடந்த சண்டைகளைக் கேட்டே எங்கள் பிள்ளைகள் எண்கள் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவதாகச் சமையலறை. அவளுடைய உயிரே அதில்தான் இருந்தது.

அவள் புது மேடை கேட்கவில்லை, புது அலமாரி கேட்கவில்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் நிற்கும் சுவரில் ஒரு ஜன்னல் கேட்டாள்.

“எதுக்கும்மா? தட்டு நீட்டவா?” என்றேன்.

“காது நீட்ட.”

“என்னது?”

“இந்த வீட்ல எந்த முடிவா இருந்தாலும் ஹால்லதான் எடுக்கறீங்க. நான் காபி போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, ஆளாளுக்குச் செருப்பு மாட்டிட்டு நிக்கறீங்க. உங்களுக்கு வெளியூர் மாத்தல் வந்ததை எனக்கு யார் சொன்னா? சாமான் ஏத்த வந்த லாரிக்காரர்.”

“அது வந்து, திடீர்னு...”

“என் தையல் மெஷினை மாடிக்கு மாத்தணும்னு முடிவு பண்ணினதை? அதைத் தூக்கிட்டுப் போன ஆளுங்க. நான் அதுல தைச்சிட்டு இருந்த துணியோட போச்சு.”

ஒரு கடைத்தெருவையே நடுங்க வைத்த அதிகாரி நான், உளி வாங்கக் கிளம்பினேன்.

இதற்குள் மகன் தொலைபேசியில் கெடு வைத்துவிட்டான். “அப்பா, ஞாயித்துக்கிழமை ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிட்டு வர்றேன். அதுக்குள்ள சமையலறையை ஒழுங்கா முடிச்சிருந்தீங்கன்னா நான் வாயே திறக்கமாட்டேன். இல்லேன்னா வீட்டை அவர்கிட்ட குடுத்துடலாம். இடிச்சு ஃபிளாட்டா கட்டி, உங்களுக்கு ஒண்ணு குடுத்துடுவாரு. லிஃப்டெல்லாம் இருக்கும்.”

லிஃப்ட் என்றதும் என் முட்டிகள் இரண்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தன.

அவன் அனுப்பிய வரைபடத்தை மனைவியிடம் காட்டினேன். அதில் சமையலறை கடைசி மூலையில் இருந்தது. அங்கிருந்து ஹாலுக்குப் பேருந்து விட்டால் நல்ல வசூல் ஆகும். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உளியைக் கையில் எடுத்தாள். உளி சுவருக்கா எனக்கா என்பது கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அந்தச் சுவர் மேல்பாரம் எதையும் தாங்கவில்லை, வெறும் தடுப்புதான் என்று தெரிந்த பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தார். ஆனால் கனம்! ஊரில் மிச்சமான செங்கல்லையெல்லாம் யாரோ அதற்குள் ஒளித்துவைத்ததுபோல இருக்கும். “ஒரே பக்கமா உடைச்சா அந்தப் பக்கம் பூச்சு பேந்துட்டு வரும். ஆளுக்கொரு பக்கம் பாதி வரைக்கும் குடைஞ்சு, நடுவுல சேருங்க” என்றார் ஹார்ட்வேர் கடைக்காரர்.

எங்களுக்கு அது அமிர்தமாக இருந்தது. ஆளுக்கொரு பக்கம் என்றால் ஆளுக்கொரு தலைமை மேஸ்திரி. குறுக்கே பேச ஆளில்லை.

“தரையிலேர்ந்து நாலடி உயரத்துல ஆரம்பிக்கணும். அங்கேர்ந்து ஒன்றரை அடி மேல. அகலம் ரெண்டடி” என்றேன்.

“எத்தனை தடவை சொல்வீங்க? ஒரு தடவை கேட்டா எனக்குப் பதிஞ்சிடும். நீங்கதான் மறப்பீங்க.”

“நானா? அளவை மறக்கறதா?”

ஹாலில் நான், சமையலறையில் அவள். முதல் நாளே போட்டி தொடங்கிவிட்டது. என் பக்கத்தில் சுவர் ஒரு கீறலோடு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து செங்கற்கள் விழும் சத்தம் கேட்டது.

“என்னங்க, எவ்வளவு வந்திருக்கு?”

“பாதி தாண்டியாச்சு!” என்று கூவிவிட்டு, இரும்புக்கடைப் பூதம்போல அடிக்க ஆரம்பித்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டுத் தூசி மேகமாகி, இரண்டு தெரு தள்ளித் துணி காயப்போட்டவர்கள் மழை வருகிறது என்று எடுத்துக்கொண்டு ஓடினார்கள். காபியில் கலந்து நான் குடித்த சிமெண்டுக்கு, என் வயிற்றுக்குள் ஒரு திண்டு எழும்பியிருக்கும்.

சனிக்கிழமை மதியம் என் உளி சட்டென்று உள்ளே போய்விட்டது. வெளிச்சம் வந்தது. சுரங்கம் வெட்டி மலையின் அந்தப் பக்கம் போனவன்போலக் கத்தினேன்.

“வந்துட்டேன்! தெரியறேனா?”

“பொத்தான் தெரியுது” என்றாள்.

“என்ன பொத்தான்?”

“உங்க சட்டையோட மூணாவது பொத்தான். தைச்சுக் குடுத்தேன்ல, கறுப்பு நூல்ல. மூஞ்சி எங்க?”

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அவளுடைய உச்சந்தலையும் அதில் ஒட்டியிருந்த சிமெண்டும்தான்.

என் பள்ளம் மேலே, அவள் பள்ளம் கீழே. என் பள்ளத்தின் அடிப்பாகமும் அவள் பள்ளத்தின் மேல்பாகமும் தொட்டுக்கொண்ட இடத்தில் மட்டும், ஒரு டம்ளர் நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு சந்து.

“யாரோ தப்பா அளந்திருக்காங்க” என்றேன், அதிகாரிக் குரலில்.

“யாரோ இல்ல. நீங்க.”

அவள் துணி டேப்போடு ஹாலுக்கு வந்து என் பக்கத்தை அளந்தாள். நாலடி. நான் இரும்பு டேப்போடு சமையலறைக்குப் போய் அவள் பக்கத்தை அளந்தேன். நாலடி. டேப்பை மாற்றிக்கொண்டு அளந்தோம். மயிரிழை பிசகவில்லை. உலகத்தில் எந்தச் சுவரும் இவ்வளவு துல்லியமாகக் கெடுக்கப்பட்டிருக்காது. குழம்பிப்போய் நான் ஹாலுக்குத் திரும்பினேன். கால் விரல் ணங்கென்று இடித்தது.

படி.

ஹாலிலிருந்து சமையலறைக்கு ஒரு படி இறக்கம். சாதாரணப் படி இல்லை, முழுசாக ஓரடி. கட்டியவர் குதிரையோடு குடியிருந்தாரோ என்னவோ. அந்தப் படியில் நான் இடித்துக்கொள்ளாத விரல் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து காலை, மதியம், மாலை என்று மருந்துபோல அதைத் திட்டிவந்தவன். அளந்த அன்று மட்டும் அந்தப் படி என் ஞாபகத்திலிருந்து எழுந்து வெளியே போயிருந்தது.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு வந்து பார்த்தான்னா இது ஒண்ணு போதும் அவனுக்கு. இடிச்சிடலாம்பான்” என்றாள். கையிலிருந்த டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “ஒரு ஜன்னல்தானே கேட்டேன்” என்றாள்.

அவள் இப்படி மெதுவாகப் பேசினால் எனக்குத் தாங்காது. எழுந்தேன். அவள் பக்கத்துப் பள்ளத்தின் ஓரங்களைப் பூசி, நடுவில் பலகை வைத்து, சந்தை மறைத்து டப்பாக்களை அடுக்கினோம். அச்சு அசல் அலமாரி. ஹால் பக்கத்துக்கு என்ன செய்வது? அந்தப் பள்ளத்தை மறைக்கும் அளவுக்கு வீட்டில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. என் மாமனார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். நீதிபதி தண்டனை கொடுப்பதற்கு முன்பே இவர் முறைத்ததில் குற்றவாளிகள் பாதித் தண்டனையை அனுபவித்துவிடுவார்கள். மாடியில் பெட்டிக்குப் பின்னால் அவரை நான் பாதுகாப்பாக வைத்திருந்தேன். தூசி தட்டி, கொண்டுவந்து மாட்டினேன். என்னைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் காண்ட்ராக்டரும் வந்தார்கள். காண்ட்ராக்டர் கையில் டேப் இல்லை. சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்து அளவு சொல்லும் ஒரு கருவி. என் இரும்பு டேப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன். சமையலறையைச் சுற்றிப் பார்த்தவர், “பரவால்ல சார், அந்த அலமாரி நல்லா வந்திருக்கு” என்றார். மனைவி காபி போட அங்கேயே நின்றுவிட்டாள். நாங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்தோம்.

“ஜன்னல் வைக்கறதா சொன்னீங்களே, எங்கப்பா?” என்றான் மகன்.

“மனசு மாறிடுச்சு.”

“முடியலைன்னு சொல்லுங்க.” அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்து, குரலைத் தணித்தான். “தாத்தா படத்தை எதுக்கு இப்ப மாட்டியிருக்கீங்க? சரி, அதை விடுங்க. அம்மா பிடிவாதத்துக்காக நீங்க முட்டியை உடைச்சுக்காதீங்க. இப்ப நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்மாகிட்ட நான் அப்புறம் பக்குவமா சொல்லிக்கறேன்.”

“லிஃப்ட் ஆறு பேர் போற மாதிரி பெருசு சார்” என்றார் காண்ட்ராக்டர்.

முட்டிகள் இரண்டும் ஒரே குரலில் வாக்களித்தன. நான் வாயைத் திறந்தேன். “ச...” வரைக்கும் வந்துவிட்டது.

“எங்கிட்ட யாரும் அப்புறம் சொல்ல வேணாம்” என்றார் என் மாமனார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. காண்ட்ராக்டரின் கையிலிருந்த கருவி படத்தின் பக்கம் திரும்பி, அந்தச் சிவப்புப் புள்ளி மாமனாரின் நெற்றியில் போய் விழுந்தது.

“அப்பா,” என்றான் மகன், “தாத்தா...”

“லிஃப்ட் வேணும்னா உங்கப்பாவை மட்டும் கூட்டிட்டுப் போ” என்று மாமனார் தொடர்ந்தார். “நாள் முழுக்க ஏறி எறங்கட்டும். வீடு என் பேர்லயும் இருக்கு. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

காண்ட்ராக்டர் தைரியசாலி. மெதுவாகப் போய்ப் படத்தைக் கழற்றினார். பள்ளம் தெரிந்தது. பள்ளத்தின் அடியில் சந்து தெரிந்தது. சந்துக்குள், ஸ்டூலில் ஏறி நின்ற என் மனைவியின் ஒரு கண் தெரிந்தது. டப்பாக்களை எப்போது எடுத்தாள் என்று தெரியாது. கண் மறைந்து, அந்த இடத்தில் ஒரு காபி டம்ளர் வந்தது.

“எடுத்துக்கோங்க தம்பி, ஆறிடும்.”

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு பள்ளத்தை மேலும் கீழும் பார்த்தார். “சார், இதை எப்படிப் பண்ணீங்க? வேணும்னு பண்ணாக்கூட இப்படி வராதே.”

“டிசைன்” என்றேன்.

மகன் சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சந்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான்.

“சரிம்மா, நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?”

அந்தக் கேள்வி அந்தச் சுவரைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! வீட்டை இடிக்கக் கூடாது. மொட்டைமாடி ஒழுகலை மட்டும் காண்ட்ராக்டர் பார்க்க வேண்டும், ஏனென்றால் என்னை அங்கே ஏற்றினால் இறக்க ஆள் தேட வேண்டும். தையல் மெஷின் கீழே வர வேண்டும். பாக்கி அறைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மகன் தலையாட்டினான். காண்ட்ராக்டரும் சேர்ந்து ஆட்டினார்.

“என் அபிப்பிராயம் என்னன்னா...” என்று நான் தொடங்கினேன். காபி சூடாக இருந்தது. ஊதிக் குடித்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தால், எல்லாம் முடிவாகி அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் காண்ட்ராக்டருக்கு மனசு கேட்கவில்லை. “அம்மா, ஆளை அனுப்பறேன். அந்த ஓட்டையை நேராக்கித் தந்துடுவாங்க.”

“அதைத் தொடாதீங்க” என்றாள். “நேரா இருந்தா நான் நிக்கறது தெரியும். தெரிஞ்சா மெதுவாப் பேசுவாங்க. என்னங்க, அப்பாவை எடுத்து மாட்டுங்க.”

மாட்டினேன். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் யார் எதைப் பேசினாலும் முதலில் என் மாமனார் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. நான் செய்தித்தாள் படித்து உச்சுக் கொட்டினால்கூட, “என்னவாம்?” என்கிறார்.

நேற்றுக் காலை காலி டம்ளரைக் கழுவப்போட எழுந்தேன். ணங். அதே படி, அதே விரல். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. அந்தப் படியையும், அதைக் கட்டியவரையும், அவருடைய குதிரையையும் மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்தேன்.

மாமனார் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

“அளக்கறப்ப இந்த ஞாபகம் எங்க போச்சாம்?”