மாடிவீட்டு ஆன்டெனா

கேபிளை வெட்டிவிடலாம் என்ற யோசனையைச் சலூன்காரருக்குக் கொடுத்தது அவர் மனைவிதான். முந்நூறு சேனலுக்குக் காசு கட்டிவிட்டுக் கடையில் அவர் ஓடவிட்டதென்னவோ செய்தியும் கால்பந்தும் எப்போதாவது ஒரு படமும்தான்.

"படமெல்லாம் நெட்லயே வருது. நியூசுக்கும் மேட்சுக்கும் ஒரு ஆன்டெனா வாங்கி மாட்டுங்க, அது சும்மாவே வரும்," என்றாள்.

டிவிக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்றைச் செருகியதும் படங்கள் வந்துவிட்டன. ஆன்டெனாதான் படுத்தி எடுத்தது. ஜன்னலில் வைத்தால் செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. கண்ணாடிக்கு மேலே மாட்டினால் குரல் மட்டும் வந்தது.

"எதிர்க் கட்டடம் மறைக்குது. மாடி பால்கனியில வெச்சுப் பாருங்களேன்," என்றார், பாதிச் சவரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரர்.

சலூன்காரர் அவருடைய மறு கன்னத்துக்கு நுரை தடவினார். மாடியில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவருடைய பூந்தொட்டித் தண்ணீர் சொட்டிக் கடைப் பலகையின் பெயின்ட் உரிந்துபோனதில் இருவருக்கும் வாய்த்தகராறு. இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் சனிக்கிழமை மதியம் இறுதிப் போட்டி. காலையிலேயே வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஆன்டெனாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

கதவைத் திறந்த டீச்சர் அவரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை உங்க பால்கனியில வெச்சுக்கலாமா டீச்சர்?"

"கேபிளை எடுத்துட்டீங்களா?"

"ஆமா. கட்டுப்படியாகல."

"நானும் போன மாசமே எடுத்துட்டேன். அதுலேர்ந்து சுவத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன். எனக்கும் ஒரு ஒயர் இழுத்துக் கொடுங்க, தாராளமா வெச்சுக்கலாம்."

தொட்டிகளை நகர்த்தக் குனிந்த சலூன்காரர் அப்போதுதான் கவனித்தார். ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர் பிடிக்க ஒரு தட்டு இருந்தது.

"இதெல்லாம் எப்ப வெச்சீங்க?"

"நீங்க சத்தம் போட்ட மறுநாளே. நீங்கதான் அதுக்கப்புறம் நிமிர்ந்தே பார்க்கலையே."

அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. பேச்சை மாற்ற, ஆன்டெனாவைக் கம்பியில் மும்முரமாகக் கட்டினார். டீச்சர் தூரத்து டிவி கோபுரத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம். கொஞ்சம்னு சொன்னேன், அவ்வளவு இல்ல," என்று அதட்டினார்.

"வந்துடுச்சு, அப்படியே விடுங்க," என்று கீழேயிருந்து மனைவியின் குரல் கேட்டது.

மதியத்துக்குள் டீச்சர் வீட்டு டிவியிலும் படம் பளிச்சென்று வந்தது. ஆனாலும் தனியாகப் பார்க்கச் சப்பென்றிருந்ததோ என்னவோ, இடைவேளையில் அவர் இறங்கி வந்து கடை பெஞ்சில் தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நடுவர் கொடுத்த பெனால்டி தப்பு என்று டீச்சரும் சலூன்காரரும் ஒரே குரலில் சொன்னார்கள். முடிவெட்ட மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.