லாட்டிங்கில் விடுபட்ட வீடு

அது பிப்ரவரி கடைசியா, மார்ச் தொடக்கமா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மலை உச்சியில் பனி இருந்தது என்கிறேன் நான். இல்லை என்கிறான் என் தம்பி. ஹெஸ்டர் பிர்கெட்டின் கோபத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சந்தேகமே கிடையாது.

ஐசக் தவைட் செவ்வாய்க்கிழமை செத்தார். வட இங்கிலாந்தின் வெஸ்ட்மர்லாந்தில் எங்கள் பள்ளத்தாக்கில், ஓடைக்கு மேற்கே ஒன்பது வீடுகள். ஒன்பதும் சேர்ந்தது ஒரு லாட்டிங். பிறப்போ சாவோ, வாசல் வாசலாகப் போய் அத்தனை வீட்டையும் அழைத்தாக வேண்டும். அழைத்த வீடு வந்தாக வேண்டும். சண்டை சச்சரவெல்லாம் அதற்கு வெளியேதான்.

ஒன்பதில் ஒரு வீடு ஹெஸ்டருடையது. புதன்கிழமை அவள் தன் கறுப்பு உடுப்பைத் தேய்த்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. வியாழக்கிழமை, இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு வில் டாசன் வந்தான்.

"உனக்குச் சொன்னாங்களா வில்?"

"கார்டு வந்துச்சுக்கா. கறுப்புக் கரை போட்டு, அச்சடிச்சு. தபால்ல."

"தபால்லயா? சாவுக்கா?"

"ஐசக் மகன் தாமஸ் லங்காஸ்டர்ல கடை வச்சிருக்கான்ல, அந்த ஊர்ப் பழக்கம். ஏழு வீட்டுக்கும்..." வில் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "நீங்க சும்மா வந்துருங்கக்கா."

"கூப்பிடாம வர நான் என்ன நாயா?"

அவன் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஓடைத் தண்ணீரை ஐசக் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். அன்று அறுந்தது பேச்சு. ஆனால் அவர் மனைவி செத்தபோது அழைப்பு வந்தது. ஹெஸ்டர் போய் உடம்பைக் கழுவினாள். அவள் புருஷன் ராப் செத்தபோது ஐசக் வந்து, சவப்பெட்டியின் முன்பக்கம் இடது மூலையில் தோள் கொடுத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று அவளை விட்டுவிட்டார்கள் என்றால், நாளை அவள் பெட்டியைத் தூக்க எவனும் கடமைப்பட்டவன் இல்லை. அடுப்பு அணைந்தது. அவள் விறகு போடவில்லை.

சனிக்கிழமை காலை மழை தூறியது. கல்லறைக்குப் போகும் பாதை அவள் முற்றத்தின் ஊடாகத்தான். கேட்டைத் திறந்து வைத்து, கறுப்பு உடுப்பில் ஓரமாக நின்றாள். உயரத் தொப்பி போட்டுக்கொண்டு தாமஸ் முன்னால் வந்தான்.

"எத்தன வீடுடா உங்க லாட்டிங்?" என்றாள்.

பின்னால் பெட்டி சுமந்து வந்த வில், கேட்டருகே இருந்த சுமைக்கல்லில் அதை இறக்கச் சொன்னான்.

"தோள் வலிக்குதுப்பா."

"இப்பதான கெளம்புனோம்?" என்றான் தாமஸ்.

"ஒம்பதாவது வீடு வரட்டும். வலி போயிரும்."

மற்றவர்கள் தரையைப் பார்த்து நின்றார்கள். ஒருவரும் பெட்டியைத் தூக்கக் குனியவில்லை.

தாமஸின் காது சிவந்தது. "அப்பாவுக்கும் உங்களுக்கும் ஆகாதுன்னுதானம்மா விட்டேன்."

"ஆகாதுதான். இப்பவும் அந்த ஆள எனக்கு ஆகாது. ஆகாதவங்களுக்குத்தான்டா லாட்டிங்! ஆனவங்க கூப்பிடாமலே வருவாங்க."

அவன் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான்.

"இத வச்சு அடுப்பு பத்த வையி. வாசல்ல வந்து வாயால கூப்பிடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெட்டிமேல் மழை தட்டியது. வெகுநேரம் கழித்துத் தாமஸ் கதவைத் தட்டினான். அவள் திறந்தபோது தொப்பி அவன் கையில் இருந்தது. அழைப்புச் சொல்லும் முறை அவனுக்குத் தெரியாது. முற்றத்திலிருந்து வில் எடுத்துக் கொடுக்கக் கொடுக்கச் சொன்னான்: "பிர்கெட் வீட்டுக்கு அழைப்பு. ஐசக் தவைட்ட அடக்கம் பண்ண, வீட்டுக்கு ஒருத்தர், சனிக்கிழமை பத்து மணிக்கு."

"இப்ப பதினொண்ணு," என்றாள் ஹெஸ்டர். "வர்றேன்."

அடக்கம் முடிந்ததும், சாவுக்கு வந்தவர்களுக்கான ஆர்வல் ரொட்டியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் வழக்கம். ஹெஸ்டர் தாமஸுக்கு எதிரிலேயே நின்று, அவனைப் பார்த்துக்கொண்டே, கடைசித் துணுக்கு வரை தின்று தீர்த்தாள். கோபம் அப்படியே இருந்தது.

தாமஸ் அந்தக் கோடையில் பண்ணையை விற்றுவிட்டு லங்காஸ்டர் போனான், திரும்பவில்லை. தண்ணீர் ஹெஸ்டர் வயலுக்குக் கடைசிவரை வரவில்லை. அவள் இன்னும் பதினொரு வருஷம் இருந்தாள். அவள் செத்தபோது வில் வீடு வீடாகப் போய் அழைத்தான். தவைட் பண்ணையை வாங்கிய வெளியூர்க்காரரும் வந்தார். முன்பக்கம், ஐசக் நின்ற இடது மூலையை அவருக்குக் கொடுத்தார்கள்.